புளித்துப்போன கற்கள்

எனக்குச் சும்மா உட்கார வராது. சாப்பிடும்போதுகூடப் பாதியில் எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஏன் போனேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. "உன் கால்ல இன்னாடா, சக்கரமா கட்டிக்கீது?" என்று அக்கா திட்டுவாள். அப்படிப்பட்டவன் கையில் கடவுள் எதைக் கொண்டுவந்து கொடுத்தார் தெரியுமா? தொடாமல், திறக்காமல், ஆட்டாமல் நாலைந்து மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய ஒரு பொருளை.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த நேரம். எனக்கு இருபத்து நான்கு வயது. ராயபுரத்தில், துறைமுகத்துக் கரி யார்டில் ஒரு காண்டிராக்டரிடம் ரைட்டர் வேலை. கல்கத்தா பக்கமிருந்து கப்பலில் வரும் நிலக்கரியைக் குவியல் குவியலாகக் கொட்டுவார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அதிலிருந்து கல்லையும் மண்கட்டியையும் பொறுக்கி வெளியே போடுவார்கள். எந்தக் குவியலில் யார் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வெயிலில் நிற்பதுதான் ரைட்டர் உத்தியோகம். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். இருமினாலும் கறுப்பு. எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் நாற்பது வயதிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாலு எட்டு வைத்துவிட்டு நின்று மூச்சு வாங்குவார். அவரைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். எப்படியாவது இந்தக் கரியை விட்டு ஓடிவிட வேண்டும். அந்த நாளில் என் மண்டைக்குள் வேறு நினைப்பே கிடையாது.

பொறுக்கி எறியும் கல்லில் சில பளபளக்கும். கரிக்கு நடுவே பித்தளைத் தகட்டைச் செருகியதுபோல் சில இருக்கும். சின்னச் சின்ன சதுரக் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சில இருக்கும். ஒன்று சின்ன அப்பளம் அளவுக்கு வட்டமாக, நடுவிலிருந்து கோடு கோடாக விரிந்திருந்தது. யாருக்கும் வேண்டாத அந்தக் கற்களை நான் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். "இன்னா ரைட்டரே, இன்னிக்கித் தங்கம் தேறுச்சா? எங்க பொண்ணுக்கு ஒரு மூக்குத்திக்காவது குடுத்துட்டுப் போ" என்று பெண்கள் கிண்டல் பண்ணுவார்கள். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் பொறுக்குவதை நிறுத்தவில்லை. அந்த யார்டில் கறுப்பாக இல்லாத பொருள் அது ஒன்றுதான்.

ஆவணி மாதத்தில் ஒருநாள், பட்டணத்துக்குள் இருந்த ஒரு கல்லூரியிலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்தார். நிலவியல் சொல்லிக்கொடுப்பவர். மாணவர்களுக்குக் காட்ட நல்ல கரித் துண்டுகள் வேண்டும் என்று காண்டிராக்டரிடம் கேட்டிருக்கிறார். காண்டிராக்டர் என்னிடம் அனுப்பிவிட்டார். நான் குனிந்து ஒரு பளபளப்பைச் சட்டைப் பைக்குள் நழுவவிடுவதை வந்தவர் பார்த்துவிட்டார். திருடிவிட்டேன் என்று நினைக்கப் போகிறாரே என்று படபடவென்று எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினேன். வீட்டில் இன்னும் இருக்கிறது என்றும் உளறினேன்.

"இது பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது," என்றார் அவர். "எங்க டிபார்ட்மெண்ட் கண்ணாடி அலமாரியிலயும் வெச்சிருக்கோம் தம்பி. வருஷா வருஷம் மழைக்காலம் வந்தா பூத்துப்போயிடும். ஈரக் காத்து பட்டா உள்ளுக்குள்ளேயே திராவகம் ஊறும். கல்லைத் தின்னும், கீழே இருக்கற பஞ்சைத் தின்னும், பேர் எழுதின காகிதத்தையும் தின்னும். கரியில வர்றது இன்னும் மோசம். வார்னிஷ் அடிச்சுப் பார்த்தோம். வார்னிஷுக்குள்ளேயே பொடியாப் போச்சு."

அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்ககிட்ட இருக்கறது எல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு சார்." அது பொய் இல்லை. சித்திரையில் இருந்துதானே பொறுக்க ஆரம்பித்தேன்; மழையையே பார்க்காத கற்கள்.

"சரி. பன்னிரண்டு கல் எடுத்துக்குங்க. இந்த மழைக்காலம் முழுக்கக் கெடாம வெச்சுக் காட்டுங்க. எங்க மியூசியம் அட்டெண்டர் ஜனவரியில ரிட்டயர் ஆகறார். எனக்குத் தேவை படிச்சவன் இல்லை; பொருளைப் பொருளா வெச்சுக் காப்பாத்தறவன். பொங்கல் கழிச்சு வந்து பார்க்கறேன். கல் நல்லா இருந்தா பிரின்சிபால்கிட்ட நான் பேசறேன்."

அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து போனேனா பறந்து போனேனா தெரியாது. மின்விசிறி ஓடும் அறை, கண்ணாடி அலமாரி, வெள்ளைச் சட்டை. வெள்ளைச் சட்டை! சாயங்காலம்வரை வெள்ளையாகவே இருக்கும் சட்டை.

வீடு என்றால் ஒண்டுக்குடித்தனம். ஒரு அறை, ஒரு அடுப்பு மூலை, எட்டுக் குடித்தனத்துக்கு நடுவே ஒரு முற்றம். அக்காவும் நானும் மட்டும்தான். என்னைவிட ஆறு வயது பெரியவள். அவள் வீட்டுக்காரர் யுத்தத்துக்கு முன்னால் ரங்கூனுக்குப் போனவர். கடிதம் வந்தது, பிறகு கடிதமும் நின்றது. அவள் பக்கத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. விஷயத்தைச் சொன்னதும் என்னைவிட அவளுக்குத்தான் சந்தோஷம். "அப்ப அந்தப் பித்தளைக் கல்லு மெய்யாலுமே உனக்கு வேல வாங்கிக் குடுக்கப் போவுது! நான் கூடக் கலீஜ்னு சொல்லி ரெண்டு வாட்டி வெளில கடாசப் பாத்தேனே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்தேன். அடுப்புச் சூட்டில் காயவைத்து, பஞ்சு சுற்றி, ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கிப் பலகைமேல் வைத்தேன். வைத்தவன் விட்டிருக்கலாம் அல்லவா? விடமாட்டேனே. காலையில் எழுந்ததும் திறந்து பார்ப்பேன். வேலைக்குப் புறப்படும்போது ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை. தூறல் விழுந்தால் ஓடிவந்து ஒரு தடவை. திறக்கும் ஒவ்வொரு முறையும் கடல்காற்றை உள்ளே விடுகிறோம் என்ற அறிவு அப்போது இல்லை. "முட்டய அவயம் வெச்ச கோழி கூட உன்னவிடத் தேவலடா. அது பாட்டுக்கு உக்காந்துகினு கீது," என்றாள் அக்கா.

புரட்டாசி கழியும் நேரம், சரஸ்வதி பூஜை வந்தது. யார்டில் ஆயுத பூஜை. கூடை, மண்வெட்டி, தராசு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைத்து, பொரியை வாங்கிக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பை விடும்போதே கண்ணில் பட்டது.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் மனைப்பலகை. அதன்மேல் என் பழைய பாடப் புத்தகங்கள் நாலு. புத்தகங்களுக்கு முன்னால் வாழையிலையில் வரிசையாக என் பன்னிரண்டு கற்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், அதற்கு மேல் ஒரு செவ்வரளிப் பூ.

"நல்லாக் கீதா?" என்றாள் அக்கா. முகமெல்லாம் சிரிப்பு. "காலைலேர்ந்து குந்திகினு ஒவ்வொண்ணா புளி போட்டுத் தேச்சேன். குத்துவெளக்குகூட இப்பிடி மின்னல பாரு."

புளி! பித்தளைக்கு என்ன செய்வார்களோ அதையே செய்திருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது என்று இன்று தெரிகிறது. அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள். பளபளக்கும் பொருளைப் பண்டிகைக்குப் புளி போட்டுத் துலக்காமல் சாமிக்கு முன்னால் வைப்பார்களா? அதுவும் தம்பிக்கு வேலை வாங்கித் தரப்போகிற பொருளை! ஆனால் அன்று எனக்கு அந்த நியாயமெல்லாம் தோன்றவில்லை. "ஐயோ, ஐயோ, தண்ணி ஆவாதுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்!" என்று கத்திக்கொண்டே இலையின் பக்கம் பாய்ந்தேன். துணியால் துடைத்து அடுப்பருகே வைத்தால் தப்பிக்கலாம்.

அக்கா குறுக்கே வந்து நின்றாள். "தொடாத."

"தள்ளு அக்கா."

"பூஜையில வெச்சத இன்னிக்கித் தொடக் கூடாதுடா. நாளைக்கிக் காலைல மறுபூஜ ஆவட்டும். அப்பால எட்துக்கோ."

"நாளைக்கி எடுத்தா அது கல்லா இருக்காது, மாவாத்தான் இருக்கும்!"

"படிப்ப வெச்சிக் கும்புட்டுட்டு அன்னிக்கே எடுத்தா படிப்பு வுருப்படாது. இது உன் பொழப்புடா. நான் விடமாட்டேன்."

அவளும் என் வேலைக்காகத்தான் அழிச்சாட்டியம் பண்ணினாள், நானும் அதற்காகத்தான். சத்தம் கேட்டு எட்டுக் குடித்தனமும் வாசலுக்கு வந்துவிட்டது. பூஜையில் வைத்ததைத் தொடலாமா, அக்கா சொல்வது சரிதானே என்று எல்லோரும் ஒரே பக்கம் பேசினார்கள். நான் என்ன செய்ய? காசிமேட்டுக் கரைவரை நடந்தேன். திரும்பி வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். கல்லின் இடுக்குகளில் தண்ணீர் அப்படியே நின்றது. மறுபடி கரைக்குப் போனேன். மறுபடி வந்தேன். நாலு நடை. சாயங்காலம் வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்து முதல் பெருமழை. அறைக்குள் துணிகூடக் காயவில்லை. கல் எங்கே காயும்?

மறுநாள் மறுபூஜை முடிந்த கையோடு எடுத்துத் துடைத்தேன், அடுப்புச் சூட்டில் வைத்தேன், டின்னில் போட்டேன். ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை. சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன். பத்தாம் நாள் மூடியைத் திறந்ததும் கந்தக நெடி. அப்பளக் கல்லின் ஓரத்தில் வெள்ளையாக, பூனை மயிர்போல் ஏதோ முளைத்திருந்தது. பஞ்சு பழுப்பாகக் கருகியிருந்தது. சதுரக் கட்டிகள் ஒட்டிய கல்லைத் தூக்கினேன்; பாதி கையில் வந்தது, பாதி டின்னிலேயே கிடந்தது. கையில் வந்த பாதியும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண் தெரியவில்லை. அக்கா அடுப்படியில் குழம்பு கிளறிக்கொண்டிருந்தாள். போய் நின்று சொன்னேன்: "உன் கை பட்டா எதுதான் தங்கும்? கட்டினவனே கப்பல் ஏறிப் போயிட்டான். கல்லு எம்மாத்திரம்!"

இதை எழுதும்போது என் கை கூசுகிறது. எழுதாமல் விட்டுவிடலாம், ஆனால் அதை விட்டால் மீதி எதற்கும் அர்த்தம் இல்லை. அவள் அழவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். குழம்பை இறக்கிவிட்டு, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நாலு நாள் என்னோடு பேச்சு இல்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வரும்.

ஐந்தாம் நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கற்கள் சுற்றிலும் பரப்பிக் கிடந்தன. ஒரு கல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"இத்தப் பாரு. நான் வெச்சது செவப்புக் குங்குமம். இந்த இடுக்குல ஒட்டிகினு கீறது மஞ்சளாப் பூட்ச்சி."

"அதுக்கு இன்னா இப்ப?"

"குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேத்துப் பண்றது. அதும்மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா திரும்பி மஞ்சளாப் பூடும். அப்ப இந்தக் கல்லு புளிச்சிக்கீது. நான் தேச்ச புளி இல்ல; புளிய அப்பவே கழுவிட்டேன். உள்ளருந்து வர்ற புளிப்பு."

விரிவுரையாளர் சொன்ன திராவகத்தை அவள் ஒரு பொட்டுக் குங்குமத்தில் கண்டுபிடித்துவிட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆஸ்பத்திரில திராவகம் கொட்டினா தரையில சுண்ணாம்பு போடுவோம். புளிப்பு செத்துடும். ஆனா சுண்ணாம்பக் கரைச்சி இதும்மேல ஊத்தினா திருப்பியும் தண்ணி. தண்ணிதான் ஆவாதே," என்று தனக்குத் தானே பேசுவதுபோல் சொல்லிக்கொண்டு போனாள். "மயக்கம் போட்ட பொம்பளைங்க மூக்குல நவச்சாரமும் சுண்ணாம்பும் கசக்கிக் காட்டுவோம் பாரு, அந்த வாடை சுண்ணாம்பு மாதிரிதான் சுள்ளுனு கீது. மஞ்ச தடவின துணியக் காட்டிப் பாத்தேன். தோ, செவந்துட்ச்சி. தண்ணி படாம வாடைய மட்டும் காட்டினா இன்னா?"

மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடம் கேட்டு வாங்கிவந்த நவச்சாரம்.

ஊறுகாய் ஜாடியின் அடியில் நவச்சாரத்தையும் சுண்ணாம்புத் தூளையும் போட்டாள். மேலே ஓட்டை போட்ட தகரத் தட்டு, அதன்மேல் கற்கள். மூடியைச் சுற்றி மைதாவைப் பிசைந்து அப்பினாள். அப்புவதற்குள்ளேயே அந்த நெடி கிளம்பிவிட்டது, அப்பா! கண்ணும் மூக்கும் ஒழுக இரண்டு பேரும் முற்றத்துக்கு ஓடினோம். பக்கத்துக் குடித்தனத்து அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, "இன்னாத்த ஆக்குறீங்க உள்ள? எங்க வூட்ல மனுசங்க இருக்கறதா இல்லயா?" என்று சண்டைக்கு வந்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வார்த்தைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். நானும் சிரித்தேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய நேரம் அது. கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் திறந்தோம். கெட்டுப்போன இடமெல்லாம் பழுப்பாக மாறி உலர்ந்திருந்தது. காய்ந்த துணியால் தட்டினால் உதிர்ந்தது. அதற்குக் கீழே கல் பளபளப்பாக இருந்தது. பன்னிரண்டில் ஒன்று முன்னமே போய்விட்டது. பதினொன்று நின்றது.

"இத்தோட விட்டா திருப்பியும் புளிக்கும்," என்றாள். மறுநாள் லீவு போட்டுவிட்டு ரயில் ஏறி எண்ணூருக்குப் போய், கிளிஞ்சல் சூளையிலிருந்து தண்ணீர் படாத சுட்ட கிளிஞ்சல் ஒரு மூட்டை வாங்கி வந்தாள். நனையாமல் இருக்கத் தன் புடவைத் தலைப்பால் மூடி, மழைக்குத் தன் முதுகைக் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். "வெள்ளையடிக்க வாங்கி வெச்சா மழை நாள்ல இது தானா பொடியாவுதுல்ல? காத்துல கீற ஈரத்தக் குடிக்குது. டின்னுக்குள்ள கீறதயும் குடிக்கட்டுமே." டின்னின் அடியில் கிளிஞ்சலைத் துணியில் கட்டிப் போட்டாள். மேலே தகரத் தட்டும் கற்களும். மூடியதும் நேராகத் தகர வேலை செய்யும் கடைக்கு எடுத்துக்கொண்டு போய், மூடியைச் சுற்றி ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"எதுக்கு அக்கா பத்தவெச்ச? உள்ள எப்பிடிக் கீதுன்னு எப்பிடிப் பாக்கறது?"

"நீ பாக்கக் கூடாதுன்னுதான் பத்தவெச்சேன். தை பொறக்கட்டும்."

அந்த இரண்டு மாதத்தை எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். டின்னைக் காதருகே வைத்துக் கேட்பேன். ஆட்டுவேன், கல் உருளும் சத்தம் வந்தால் நிம்மதி, அடுத்த நிமிஷம் அது உடைந்த துண்டின் சத்தமோ என்று பயம். முகர்ந்து பார்ப்பேன். வெளியே மழை நிற்காமல் கொட்டியது. யார்டில் கரி நனைந்து சேறாகி, என் இருமல் ராத்திரி பகல் என்று இல்லாமல் பிடுங்கியது. டின்னுக்குள் எல்லாம் மாவாகிப் போயிருந்தால்? மார்கழியில் ஒரு மத்தியானம், அக்கா வேலைக்குப் போயிருக்கிறாள் என்று அரிவாள்மனைக் கத்திமேல் டின் மூடியின் ஓரத்தை வைத்துவிட்டேன். ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அப்போது பார்த்து அவள் உள்ளே வந்தாள்.

என் கையையும் பார்த்தாள், டின்னையும் பார்த்தாள். டின்னை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பொங்கல்வரை அதைத் தினமும் தன்னோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனாள். மழையில் ஒரு கையில் குடை, இடுப்பில் அந்தக் கனமான டின். "இன்னாடி, இடுப்புல கொழந்தையா?" என்று தெருப் பெண்கள் கேட்பார்களாம். "ஆமா, என் தம்பியோட வேல," என்று சொல்வாளாம்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை விரிவுரையாளர் வந்தார். அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். அறை என்ன பெரிய அறையா, அவளுக்கும் எங்களுக்கும் நடுவே நாலு அடிதான். நான் உளியை வைத்து ஈயத்தைப் பிளந்தேன். இரண்டு தடவை உளி வழுக்கியது. மூடியைத் தூக்கினேன்.

நெடி இல்லை. பொடி இல்லை. பதினொரு கல்லும் பளீரென்று இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. இருமுவதுபோல் நடித்து மறைத்துக்கொண்டேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலருகே கொண்டுபோய் லென்ஸ் வைத்துப் பார்த்தார். பழுப்புப் பட்ட இடத்தை நகத்தால் சுரண்டினார்.

"இது ஏற்கெனவே கெட ஆரம்பிச்சிருக்கு. அப்புறம் நின்னிருக்கு. எப்படி நிறுத்தினீங்க?"

சொன்னேன். ஒரு கல் உதிர்ந்துபோனதையும் குங்குமம் மஞ்சளானதையும் சொன்னேன். நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் சொன்னேன், சுட்ட கிளிஞ்சலையும் ஈயம் வைத்துப் பற்றவைத்ததையும் சொன்னேன். வாய் ஓடிக்கொண்டே இருந்தது. பார்த்தேன், யோசித்தேன், செய்தேன் என்றே எல்லாம் வந்தது. முதலில் வேண்டுமென்று சொல்லவில்லை, அப்படியே வந்துவிட்டது. அவர் கண் அகலமாகிக்கொண்டே போனது.

"அம்மோனியா! எங்களுக்கு ஒருத்தருக்கும் தோணலையே. யார் சொல்லிக் கொடுத்தாங்க தம்பி?"

அங்கேதான் நிறுத்தியிருக்க வேண்டும். நாலு அடி தூரத்தில் டம்ளரில் காப்பி ஊற்றும் சத்தம் நின்றுபோனது எனக்கு நன்றாகவே கேட்டது. அவள் என்று சொன்னால், அப்படியானால் காப்பாற்றியவன் நீ இல்லையே என்று அவர் எழுந்து போய்விட்டால்? என் கண்முன்னால் அந்தக் கறுப்புக் குவியல் வந்து நின்றது.

"நானாத்தான் யோசிச்சேன் சார்."

காப்பி ஊற்றும் சத்தம் மறுபடி கேட்டது. அக்கா டம்ளரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "உங்க தம்பி கெட்டிக்காரர்மா," என்றார் அவர். "ஆமாங்க," என்றாள் அவள்.

வேலை கிடைத்தது. மாசியில் சேர்ந்தேன். கண்ணாடி அலமாரி, மின்விசிறி, வெள்ளைச் சட்டை எல்லாம் கிடைத்தது. இருமலும் மெல்ல மெல்ல நின்றது. அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்புபோலவே பேசினாள், சிரித்தாள், திட்டினாள். மறந்துவிட்டாள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் கல்லூரியில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். வெளியார் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். "நான் வரட்டாடா?" என்று அக்காவே கேட்டாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். மற்ற எந்த அலமாரியையும் அவள் பார்க்கவில்லை. நேராக அந்தப் பதினொரு கற்களின் முன்னால் போய் நின்றாள். தட்டுக்கு அடியில் சுட்ட கிளிஞ்சலோடு, இரண்டாவது மழைக்காலமும் தாண்டி அவை அப்படியே மின்னிக்கொண்டிருந்தன. விளக்கம் சொல்ல நிறுத்தியிருந்த மாணவர் அவளிடம் வந்து, "இந்தக் கல்லைக் கெடாம வைக்கறது ரொம்பக் கஷ்டம்மா. எங்க காலேஜ்லதான் அதுக்கு வழி கண்டுபிடிச்சிருக்காங்க," என்றார்.

"அப்பிடியா கண்ணு? யாரு கண்டுபிட்ச்சாங்க?"

"இதோ நிக்கறாரே, இவர்தான்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. காத்துக்கொண்டு பார்த்தாள். விரிவுரையாளர் பத்தடி தள்ளி யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். வேலை உறுதியாகிவிட்டது, இனி யாரும் என்னைக் கரி யார்டுக்குத் துரத்தப் போவதில்லை. பயப்பட ஒன்றுமே இல்லை. நான் அலமாரியின் பூட்டைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவள் அடுத்த அறைக்குப் போய்விட்டிருந்தாள்.

டிராமில் வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.  பாதி வழியில், வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கி வூட்ல சொல்லாதது கூட எனக்குப் புரிஞ்சிதுடா. வேல போயிடுமோன்னு பயந்துகினு இருந்த. இன்னிக்கி சொல்லுவன்னு நெனச்சித்தான் பொடவ மாத்திகினு வந்தேன்."

 நாளைக்கே போய் விரிவுரையாளரிடம் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். அதையும் சொல்லவில்லை. மறுநாள் அவர் அறை வாசல்வரை போனேன், திரும்பினேன். மறுபடி போனேன், மறுபடி திரும்பினேன். இருபத்தெட்டு வருஷம் அந்த அலமாரியைக் காத்தேன். ஒரு கல்கூடக் கெடவில்லை. அவர் ரிட்டயர் ஆனார், செத்தும் போனார். அக்காவும் போய்விட்டாள். அவள் செய்ததை அவள் செய்தாள் என்று நான் சொல்வது இதுதான் முதல் தடவை.